ஈரத் தீப்பெட்டி, முதல் அச்சு, இரண்டாம் பக்கம்

ஊசி இறங்கிவிட்டது. இனி யாரும் பேசக்கூடாது, கண்ணையும் திறக்கக்கூடாது, இது ஜெபராஜ் அண்ணன் வீட்டுச் சட்டம். பெரம்பூரில் இந்த இரண்டாவது மாடியில் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கூடுகிற எங்கள் கூட்டத்துக்கு வேறு சட்டம் எதுவும் கிடையாது, இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிந்து ஊசி மேலே ஏறும்வரை வாயும் கண்ணும் மூடியிருக்க வேண்டும், ஏறிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நியாயமான சட்டம் என்கிறார்கள் எல்லோரும். எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு கருத்து தோன்றுகிற நேரத்தில் சொல்ல விடாமல் பக்கம் முடிந்ததும் சொல் என்றால் அது ஆறிப்போன பஜ்ஜி மாதிரி ஆகிவிடாதா, வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், அண்ணன் சிரிக்கிறாரே தவிர பதில் சொல்வதில்லை, ‘மங்கை, நீ பேசாம இருக்கிற ஒரே நேரம் அதுதாம்மா, அதையும் விட்டுக்குடுக்கச் சொல்றியா’ என்கிறார், இது பதிலா, இது கேலி, கேலியை மறுப்பாக எடுத்துக்கொள்ள முடியாது என்று எங்கள் மெய்யியல் துறையில் முதல் வாரமே சொல்லித் தந்துவிட்டார்கள். சரி, போகட்டும். வாணலியில் எண்ணெய் காய்கிற மாதிரி அந்தச் சத்தம், பாட்டுக்கு முன்னால் தட்டு மூச்சு விடுகிற சத்தம், அது வந்துவிட்டால் எனக்கு யார்மேலும் கோபம் நிற்காது. சுவர் முதுகுக்குச் சில்லென்று இருக்கிறது. மின்விசிறி நடு வேகத்தில் சுற்றுகிறது. கீழ்வீட்டில் யாரோ ஆட்டுக்கறிக்கு மசாலா வதக்குகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும், முதல் கித்தார் கீறிக்கொண்டு வருகிறது, அப்படியே உடம்பெல்லாம் நிமிர்கிறது, இது என் தட்டு, என் சொந்தத் தட்டு, ‘கடைசி மின்ரயில்’ குழுவின் ‘ஈரத் தீப்பெட்டி’, முதல் அச்சு, இன்று இந்த அறையில் இருக்கிற மூன்று பேருக்கும் இதைக் கேட்கவைத்து நான் சொன்னது சரி என்று நிரூபிக்கப்போகிறேன். மூன்று பேரில் ஒருத்திக்கு முக்கியமாக. என் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருக்கிறாளே, ஃபர்ஹானா, அவளுக்கு.

என்ன சொன்னேன் என்பதை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேன், பேச்சுப் போட்டிக்குப் போகும்போது மனப்பாடத்தைச் சரிபார்ப்பதுபோல. முதல் அச்சு எப்போதோ விற்றுத் தீர்ந்தது. போன மாதம் இரண்டாம் அச்சு வந்தது, பளபளவென்று அட்டை, நல்ல கனம், எல்லோரும் ஆஹா ஓஹோ. நான் கடன் வாங்கிக் கேட்டேன். கடைசிப் பாட்டில், ‘மூன்றாவது மாடி வெயில்’ பாட்டில், கித்தாரெல்லாம் ஒதுங்கிக்கொள்ள, பாடகி ‘இரு’ என்கிற ஒரே சொல்லை மூச்சு முடியும்வரை இழுக்கிற இடம் வந்தது. முதல் அச்சில் அந்த ‘இரு’ நடுங்கும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அழுகையை விழுங்கிக்கொண்டு பேசுகிறவர்களின் குரல் மாதிரி நடுங்கும். இரண்டாம் அச்சில் நடுங்கவில்லை. அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே எழுதினேன், ரெக்கார்டு பிரியர்கள் எல்லோரும் படிக்கிற எங்கள் இணையப் பக்கத்தில், நாலு பெரிய பத்தி, ‘ஒரு பெண்ணின் நடுக்கத்தை இஸ்திரி போட்டவர்கள்’ என்று தலைப்பு வைத்து. மென்பொருளில் போட்டுக் குரலை நிமிர்த்திவிட்டார்கள், போனில் வருகிற பாட்டையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள், இது களவு என்று எழுதினேன். என்ன வரவேற்பு! ‘சத்தியமான வார்த்தை தோழி.’ ‘முதல் அச்சின் அந்த நடுக்கத்தில் நான் அழுதிருக்கிறேன்.’ ‘இரண்டாம் அச்சு பிணம்.’ சிங்கப்பூரிலிருந்து ஒருவர், தூத்துக்குடியிலிருந்து ஒருவர், இதோ என் இடது பக்கம் சோபாவில் சாய்ந்திருக்கிற வங்கி அதிகாரி சேஷாத்ரி சார், ‘என் தட்டிலும் அதே நடுக்கம், தெய்வீகம்’ என்று. இரண்டே இரண்டு பேர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெபராஜ் அண்ணன், அவரிடமும் முதல் அச்சு இருக்கிறது, ‘எனக்கு அப்படிக் கேக்கலையே, என் தட்டுல குரல் நேராத்தான் வருது’ என்றார், லிப்ட் மோட்டார்களுக்கு நடுவில் வேலை பார்த்து உங்கள் காது மழுங்கிவிட்டது அண்ணா என்று பதில் போட்டேன். இன்னொன்று யாரென்றே தெரியாத ஒரு பெயரிலிருந்து, ஒரே வரி, ‘குரலில் நான் எதையும் தொடவில்லை.’ அதுதான் ஃபர்ஹானா. பதிவு செய்த பாட்டைத் தட்டில் வெட்டுவதற்கு ஏற்றபடி ஒலியைச் சரிக்கட்டித் தருகிற வேலை, மாஸ்டரிங் என்கிறார்கள், இரண்டாம் அச்சுக்கு அதைச் செய்தவள். ஒற்றை வரி மறுப்பு மறுப்பே இல்லை, ஆதாரம் எங்கே என்று அவளையும் விடவில்லை நான். அப்புறம் அண்ணன்தான் சொன்னார், ‘சண்டை வேணாம், ஞாயித்துக்கிழமை உன் தட்டைக் கொண்டாந்துடு, அந்தப் பொண்ணும் வரட்டும், எல்லாரும் கேட்டுடலாம்.’

இரண்டாவது பாட்டு வந்துவிட்டது, டிரம்ஸ் படபடவென்று இறங்குகிறது, யாரோ தகர ஷட்டரை இழுத்து மூடுகிற மாதிரி, எவ்வளவு நன்றாக வாசிக்கிறான் இந்தப் பையன். ஆனால் படிக்கட்டில் அண்ணன் சொன்னது இடறுகிறது. இடறக்கூடாது, இப்போது பாட்டைத்தான் கேட்க வேண்டும், இருந்தாலும் இடறுகிறது. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறி வந்தேனா, முதல் மாடித் திருப்பத்தில் நிறுத்தினார். ‘மங்கை, ஒண்ணு தெரிஞ்சிக்கோ. அந்தப் பொண்ணுக்கு இது முதல் ஆல்பம். ஆம்பூர்லேர்ந்து வந்து ரூம் எடுத்துத் தங்கி வேலை பாக்குது. நீ எழுதினதை வெளியீட்டுக்காரர் படிச்சிட்டாரு. அடுத்த ஆல்பம் அதுகிட்ட குடுக்கிறதா இருந்தாரு, நிறுத்தி வச்சிருக்காரு. இன்னிக்கி கேட்டுட்டு என்ன சொல்றீங்களோ சொல்லுங்க, அதை வச்சு முடிவு பண்றேன்னுட்டாரு.’ நான் என்ன சொன்னேன் தெரியுமா, ‘உண்மைதான் அண்ணா முக்கியம்.’ அவர் தலையாட்டிவிட்டு மேலே ஏறிப் போனார். அப்போது அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போதும் பிடித்துத்தான் இருக்கிறது. ஒருத்திக்கு வேலை போகும் என்பதற்காக அவள் செய்தது சரி ஆகிவிடாது, இரக்கம் வேறு தீர்ப்பு வேறு, இதை யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன். வந்ததும் அவள் எழுந்து நின்று ‘வணக்கம்ங்க’ என்றாள், அதுதான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் வயதுதான் இருக்கும். சண்டைக்கு வருகிறவள் என்று நினைத்து நானும் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தால், வணக்கம்ங்க என்கிறாள். எதிராளி இப்படியெல்லாம் செய்யக்கூடாது.

மூன்றாவது பாட்டு. இது கொஞ்சம் நீளம், பேஸ் கித்தார் மட்டும் நடந்துகொண்டே இருக்கும், மழைக்கு ஒதுங்க இடம் தேடி ஒருவர் நடப்பதுபோல, இதற்குள் உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் யோசிக்கலாம். இதை முதலில் கேட்டது விடுதியில். அப்பாவோடு போனில் கத்திவிட்டு வந்த சாயங்காலம். ‘வேலை கெடைக்கிற படிப்பாம்மா இது, அளவை, காட்சி, ஐயம்னுட்டு? உன்கூடப் படிச்சவ எல்லாம் சம்பளம் வாங்குறா.’ நான் என்னென்னவோ சொன்னேன், எல்லாம் சரியான வாதங்கள்தான், ஒன்றுகூடத் தப்பில்லை, ஆனால் போனை வைத்ததும் கை வெடவெடவென்று ஆடியது. பெட்டி மாதிரி மூடுகிற சின்னப் பிளேயர் என்னுடையது, சத்தம் பக்கத்து அறைக்குப் போகாமலிருக்க மூடியைச் சாத்தித் துண்டையும் போட்டுவிடுவேன், அப்படிப் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருந்தேன். கடைசிப் பாட்டில் அந்த ‘இரு’ வந்தது. நடுங்கியது. ஓ, இவளுக்கும் நிச்சயமில்லை, இவ்வளவு பெரிய கித்தார்களை எல்லாம் சுற்றிலும் நிறுத்தி வைத்துக்கொண்டு பாடுகிற இவளுக்கே நிச்சயமில்லை என்று தோன்றியது, என் கை ஆடியதற்குத் துணை வந்தமாதிரி இருந்தது. அதற்கப்புறம் எத்தனை சாயங்காலம்! ஆராய்ச்சிக் கட்டுரை திரும்பி வந்தபோது, ஊருக்குப் போகாமல் தீபாவளியை விடுதியிலேயே கழித்தபோது, அந்த நடுக்கத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு எழுந்து முகம் கழுவிக்கொண்டு போய் யாரோடாவது சண்டை போட்டிருக்கிறேன். அதைத்தான் இஸ்திரி போட்டார்கள் என்கிறேன். வெறும் ஒலி சமாசாரம் இல்லை இது. கீழே குக்கர் விசில் அடிக்கிறது, பாட்டின் சுருதிக்குக் கொஞ்சம் மேலே, இதற்கும் ஏதாவது சட்டம் வைத்திருக்கிறாரா அண்ணன்.

வந்துவிட்டது, ‘மூன்றாவது மாடி வெயில்.’ முதல் வரி, இரண்டாவது வரி, கித்தார்கள் ஒவ்வொன்றாக ஒதுங்குகின்றன, இதோ, இதோ, எனக்கு ஃபர்ஹானாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். சட்டம் தெரியும். ஆனால் ஜெபித்துக்கொண்டிருப்பவர்களின் நடுவில் ஒரு பிள்ளை கண்ணைத் திறந்து பார்ப்பதுபோல இடது கண்ணை மட்டும் கொஞ்சமாக, கொஞ்சமே கொஞ்சமாகத் திறந்தேன், தான் தொலைத்தது என்ன என்று அவள் கேட்கிற அந்த நொடியில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். அவள் தலை குனிந்திருந்தாள். கண்ணை மூடித்தான் இருந்தாள். கால் கட்டைவிரல் இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டு, பல் பிடுங்க உட்கார்ந்திருப்பவள் மாதிரி. பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்ட கூச்சத்தில் பார்வையைத் திருப்பினேன், அது நேராகத் தட்டில் போய் விழுந்தது. ‘இரு’ தொடங்கியது. ஊசியைத் தாங்குகிற கை அசைந்தது. உள்நோக்கி மெதுவாகப் போக வேண்டிய கை, ஒரு நூல் உள்ளே வந்து ஒரு நூல் வெளியே போயிற்று, மறுபடி உள்ளே, மறுபடி வெளியே, தொட்டில் மாதிரி. குரல் ஏறியது, கை ஒரு பக்கம். குரல் இறங்கியது, கை மறுபக்கம். ஏறியது, இறங்கியது. தாளம் தப்பவே இல்லை. இரண்டு கண்ணையும் திறந்துவிட்டேன். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கிற வட்டக் காகிதம், நடுத்தண்டைச் சுற்றி ஒழுங்காகச் சுற்றாமல் இடுப்பை ஒடித்து ஒடித்துச் சுற்றியது. துளை. துளையை நடுவில் போடவில்லை. இந்தத் தட்டில் எவனோ துளையை ஒரு மயிரிழை தள்ளிப் போட்டிருக்கிறான், வட்டம் கோணிக்கொண்டு ஓடுகிறது, ஒரு சுற்றுக்கு ஒருமுறை பாட்டு வேகமாகவும் மெதுவாகவும் ஆகிறது, அதனால்தான் குரல் ஏறி இறங்குகிறது, வெளி வளையங்களில் இது தெரியாது, உள்ளே போகப் போக வட்டம் சின்னதாகிறது, பிசகு பெரிசாகிறது, அதிலும் கித்தார் இரைச்சல் ஓய்ந்து ஒற்றைக் குரல் நீளுகிற இடத்தில்தானே காதில் படும். அதாவது கடைசிப் பாட்டில். அதாவது ‘இரு’வில். மூடியைச் சாத்தித் துண்டைப் போட்டுக் கேட்டவளுக்கு இது எங்கே கண்ணில் படும், ஐயோ, திரிபுக் காட்சியைப் பற்றி, ஒன்றை இன்னொன்றாகக் காண்கிற பிழையைப் பற்றி, அடுத்த வாரம் துறையில் கட்டுரை வாசிக்கப்போகிறவள் நான்.

யாருக்கும் தெரியாது. எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். இதுதான் முதலில் தோன்றியது, வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதுதான் முதலில் தோன்றியது. பாட்டு முடிந்ததும் சேஷாத்ரி சார் என் பக்கம் பேசுவார், தட்டை உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம், நான்கு பத்தி அப்படியே இருக்கும், நான் அதே மங்கை. அல்லது அண்ணனின் பிளேயரில் கோளாறு என்று சொல்லலாம், இல்லை, அவர் தட்டுகள் ஒழுங்காக ஓடுகின்றனவே. அல்லது நடுக்கம் எங்கிருந்து வந்தால் என்ன, கேட்கிறவள் அடைந்த அனுபவம்தான் கலை என்று ஒரு போடு போடலாம், நல்ல வாதம், அரை மணி நேரம் இழுக்கும், சேஷாத்ரி சார் கைதட்டுவார். அதற்குள் ஆம்பூர்க்காரிக்கு அடுத்த ஆல்பம் போயிருக்கும். சுற்றிச் சுற்றி அதே கட்டைவிரல்களில் வந்து நிற்கிறேன். அப்புறம்தான் கோபம் வந்தது, அப்பாடா, என் பழைய கோபம், வந்ததும் எனக்கு உயிர் வந்தது. இவர்கள்! சத்தியமான வார்த்தை தோழி என்றவன் என்ன கேட்டான்? நடுக்கத்தில் அழுதேன் என்றவள் எந்த நடுக்கத்தில் அழுதாள்? தூத்துக்குடிக்காரரிடம் பிளேயரே கிடையாது, வாங்கப்போகிறேன் எது நல்லது என்று போன வாரம்தான் கேட்டிருந்தார்! இத்தனை பேர் படித்தார்களே, ஒருத்தராவது தட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஏம்மா உளறுகிறாய் என்று கேட்க வேண்டாமா, நான் அழகாக எழுதினேன் என்பதற்காக ஒத்துக்கொண்டுவிடுவதா, என்ன மனிதர்கள், கேட்டவர்கள் இரண்டே பேர், அந்த இரண்டு பேரைத்தான் நான் காது மழுங்கியவர், ஆதாரம் இல்லாதவள் என்றேன். இன்னும் ஒன்று. பாடகி. அவள் நடுங்கவே இல்லை. நேராகப் பிடித்திருக்கிறாள், அத்தனை நீள மூச்சையும், அசையாமல், அளவுகோல் போட்ட மாதிரி. பெண் என்றால் குரல் உடைய வேண்டும் என்று எவனாவது எழுதியிருந்தால் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன், நானே அவளை இத்தனை நாள் அழவைத்துவிட்டு, அழவில்லை என்று காட்டியவளைக் களவாணி என்றிருக்கிறேன். நடுங்காத ‘இரு’. அதை நான் இன்னும் கேட்கவே இல்லை. கடன் வாங்கிய தட்டில் கேட்டேனே, அப்போது கோபத்தைத்தான் கேட்டேன். கை ஆடிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் வந்து, ஆடாத குரலில் இரு என்று சொன்னால் எப்படி இருக்கும்? தெரியவில்லை. ஆசையாக இருக்கிறது. என் நடுக்கத்தை இனி நானே வைத்துக்கொள்ள வேண்டியதுதான், பரவாயில்லை, அது என்னுடையதுதானே. சொல், மங்கை. பாட்டு தேய்கிறது. வாய் வறண்டுவிட்டது, பேச்சுப் போட்டிக்குக்கூட இப்படி வறண்டதில்லை, அதற்கு அடியில், சிரிப்பு மாதிரி ஒன்று.

ஊசி ஏறியது. கண்ணைத் திறக்கும் முன்னாலேயே சேஷாத்ரி சார், ‘கேட்டேளா! அந்த நடுக்கம்! என் தட்டுல அப்படியே இதேதான். ரெண்டாவது அச்சுல இதைக் கொன்னுட்டாளே’ என்றார். அண்ணன், ‘இருங்க சார், தட்டு அதோடது, அது பேசட்டும். நீ சொல்லும்மா’ என்றார். ஃபர்ஹானா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை, பார்த்தாள். ‘அண்ணா, தட்டை மறுபடி சுத்த விடுங்க, ஊசி வேணாம். எல்லாரும் நடுவுல இருக்கிற காகிதத்தைப் பாருங்க’ என்றேன். சுற்றியது. இடுப்பை ஒடித்து ஒடித்துச் சுற்றியது. ‘துளை தள்ளிப் போயிருக்கு. நடுங்கினது பாடகி இல்லை, என் தட்டு. இவங்க குரலைத் தொடவே இல்லை. நான் எழுதின நாலு பத்தியும் தப்பு, நாலும்.’ ‘ஃபேன் காத்துல ஆடறதா இருக்கும்மா’ என்றார் சேஷாத்ரி சார். ‘அப்ப உங்க தட்டையும் கொண்டாங்க சார், ஃபேனை அணைச்சிட்டுப் பாக்கலாம்’ என்றேன், அவர் வீட்டில் தேடிப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார், ‘என் காது மழுங்கிடுச்சுன்னு எழுதினியே, அதுவும் தப்பா?’ ‘அதுவும்தான் அண்ணா.’ போனை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனார், ‘சார், ஜெபராஜ். கேட்டாச்சு. அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல, எழுதின பொண்ணே சொல்லிடுச்சு, அடுத்ததையும் அதுகிட்டயே குடுங்க’ என்பது இங்கே கேட்டது. ஃபர்ஹானாவுக்கும் கேட்டிருக்கும். அவள் நாற்காலியை விட்டு இறங்கி, தட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அது சுற்றுவதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நீங்க எழுதினதைப் படிச்சிட்டு நான் மூலப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேங்க’ என்றாள், ‘அப்படி ஒரு நடுக்கம் இருந்து, எனக்குத்தான் கேக்கலையோன்னு. எனக்கு இந்த வேலை வராதோன்னு.’ நான் மன்னிப்பு என்று வாயெடுத்தேன். ‘அது வேணாம். எழுதின அதே இடத்துல, அதே நீளத்துக்கு எழுதுங்க. இன்னிக்கே.’ ‘நீளமாவே எழுதுறேன். ஆனா ஒண்ணு, கடைசியில உங்க பேஸ் பத்தியும் எழுதுவேன். ரெண்டாம் அச்சுல பேஸ் கித்தார் துருத்திட்டு நிக்குது. அது இந்தத் துளையால வந்ததில்லை.’ சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன், இன்றைக்காவது சும்மா இருந்திருக்கலாம். அவள் முகத்தில் இத்தனை நேரம் இல்லாத ஒன்று வந்தது. ‘துருத்துதா? அது வேணும்னு வச்சது. முதல் அச்சுல அந்த மூணாவது பாட்டை விட்டா பேஸ் இருக்குதுன்னே தெரியாது, அந்தப் பையன் அத்தனை நல்லா வாசிச்சிருக்கான்’ என்றாள். துப்பட்டாவை இழுத்துப் பின்னால் போட்டுக்கொண்டு, எனக்கு நேர் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ‘எந்தப் பாட்டுல, எந்த இடத்துல? சொல்லுங்க.’